வெட்டுத் துண்டில் ஒரு ஜிப் பை

ஒரு ஜாக்கெட் வெட்டினால் மிச்சம் என்ன விழும் என்று டெய்லரைக் கேட்டால், ஒன்றும் விழாது என்பார். அவர் கணக்கில் அது சரிதான். அக்குள் வளைவில் கழிந்த பிறைத் துண்டு, கை வெட்டியபின் நிற்கும் முக்கோணம், கரையோரம் ஒரு சாண் அகலப் பட்டை, இவற்றை வைத்து இன்னொரு ஜாக்கெட் தைக்க முடியாது. எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா இதையெல்லாம் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பழைய அரிசிச் சாக்கில் போட்டு வைப்பார். பாதி மெக்கானிக் கடைக்குக் கை துடைக்கப் போகும், மீதி குப்பை வண்டிக்கு. தீபாவளிக்கு முந்தைய மாதம் சாக்கு சீக்கிரமே நிரம்பிவிடும். அப்போது எனக்கு ஃபோன் வரும்: "ஏம்மா, வந்து அள்ளிட்டுப் போறியா, இல்ல வண்டில போட்டுரவா?"

அந்தச் சாக்கிலிருந்துதான் சில வருடங்களாக உள்துணி வைத்த ஜிப் பைகள் தைத்துக்கொண்டிருக்கிறேன். அத்தையின் மாத்திரைக்கு, வீட்டுக்காரரின் சார்ஜர் வயருக்கு, அக்கா மகளின் பென்சில், ஸ்கேலுக்கு, ஊருக்குப் போகும்போது பிரஷ், பேஸ்டுக்கு. மெஷின் அம்மா வீட்டிலிருந்து வந்த பழைய மிதி மெஷின். நேர்த் தையல் ஒழுங்காக ஓடுகிற எந்த மெஷினும் இதற்குப் போதும்.

ஆனால் துணியின் குணம் தெரிந்திருக்க வேண்டும். கடையில் ஒரு மீட்டர் வாங்கித் தைப்பவருக்கு எல்லாத் துண்டும் ஒரே துணி, ஒரே கனம், துவைத்தால் ஒரே அளவுதான் சுருங்கும். வெட்டுத் துண்டில் அந்த வசதி கிடையாது. வெளிப்பக்கம் சுங்குடி, உள்ளே லைனிங் துணி, ஓரத்தில் கொஞ்சம் பட்டு, நடுவில் நைலான் ஜிப். நான்கும் நான்கு விதமாக நடந்துகொள்ளும். பை கோணிப் போவது, ஜிப் நெளிநெளியாக நிற்பது, ஒரு துவைப்பிலேயே உள்துணி சுருங்கி வெளித்துணியை இழுப்பது, இதற்கெல்லாம் ஆட்கள் தையலைக் குறை சொல்வார்கள். நான் பார்த்தவரை முக்கால்வாசிக் கோளாறு மெஷினில் உட்காருவதற்கு முன்பே, துண்டு பொறுக்கும்போதே தொடங்கிவிடுகிறது.

சாக்கைத் தரையில் கொட்டியதும் ஒவ்வொரு துண்டையும் இழுத்துப் பார்ப்பேன். நெய்த துணியில் நீளவாக்கில் ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. பாவு வாக்கில் இழுத்தால் துணி அசைந்து கொடுக்காது. ஊடை வாக்கில் கொஞ்சம் கொடுக்கும். மூலைவாக்கில் இழுத்தால் தாராளமாக நீளும். இதைத்தான் டெய்லர்கள் கிராஸ் என்பார்கள். ஜாக்கெட் துண்டில் பெரும்பாலும் ஒரு பக்கமாவது சரிவாக இருப்பதால், எது நேர், எது கிராஸ் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கரை இருந்தால் கவலையில்லை, கரைக்கு இணையாகப் போவது பாவு. கரை இல்லாத துண்டில் ஓரத்திலிருந்து ஒரு இழையை மெதுவாக உருவினால், அது போன தடமே நேர்கோடு. அந்தக் கோட்டில் வெட்டிக்கொள்ளலாம்.

ஜிப் வருகிற மேல் ஓரம் மட்டும் கட்டாயம் நேர் இழையில் இருக்க வேண்டும். மற்ற ஓரங்களில் சற்று முன்பின் இருந்தாலும் பரவாயில்லை. ஜிப்பின் நாடா துளியும் நீளாது. அதோடு கிராஸ் துணியைச் சேர்த்துத் தைத்தால், தைக்கத் தைக்கத் துணி நீண்டுகொண்டே போகும், ஜிப் அப்படியே நிற்கும். முடித்துப் பார்த்தால் பையின் வாய் வளைந்திருக்கும். எத்தனை இஸ்திரி போட்டாலும் அது நேராகாது.

அடுத்தது தண்ணீர். மதுரையில் இருப்பதால் சுங்குடித் துண்டுக்குப் பஞ்சமில்லை. சுங்குடி புவிசார் குறியீடு வாங்கிய சேலைதான், ஆனால் புதுத் துணி முதல் இரண்டு மூன்று துவைப்புக்குச் சாயம் விடும், கஞ்சியும் இறங்கும். கஞ்சியோடு வெட்டினால் விறைப்பாக நின்று நல்ல துணி போலத் தெரியும். ஒரு முறை நனைத்தால் தொளதொளவென்று ஆகிவிடும். அதனால் பருத்தி என்று தெரிந்த எல்லாவற்றையும் தனித்தனியாக நனைத்து, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகுதான் கத்தரியைத் தொடுவேன். ஜாக்கெட் லைனிங் துணியை நனைத்துத்தான் வெட்ட வேண்டும் என்பது தையல் தெரிந்தவர்களுக்குப் பாலபாடம். பைக்கும் அதே விதி. வெளித்துணி ஏற்கெனவே சுருங்கியது, உள்துணி புதிது என்று ஜோடி சேர்ந்தால் முதல் துவைப்பிலேயே உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இந்த வகையில் உள்துணிக்கு நான் கண்டதில் சிறந்தது மாமாவின் பழைய வேட்டி. பல வருடம் துவைத்துத் துவைத்து, சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடித்தது. சாயம் கிடையாது, வழுக்காது. வெள்ளையாக இருப்பதால் பைக்குள் கிடக்கும் சின்ன மாத்திரையும் ஹேர்பின்னும் பளிச்சென்று தெரியும். கறுப்பு, கருநீலத்தில் உள்துணி வைத்துவிட்டு உள்ளே விரலை விட்டுத் துழாவுவது எனக்குப் பிடிக்காது. அழுக்குத் தெரியாது என்பார்கள். தெரிந்தால்தானே துவைப்போம்? வேட்டியில் உட்காரும் இடமும் முழங்கால் படும் இடமும் நைந்திருக்கும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, இழை நெருக்கமாக இருக்கும் பகுதியை மட்டும் எடுக்க வேண்டும். கரையோரப் பகுதி பெரும்பாலும் தேறும்.

இன்னொரு நல்ல உள்துணி மஞ்சப்பை. ஜவுளிக்கடையிலும் கல்யாண வீட்டிலும் கொடுக்கும் காடாத் துணிப் பையைச் சொல்கிறேன். தையலைப் பிரித்தால் இரண்டு நல்ல துண்டு கிடைக்கும். கனமாக இருப்பதால், விறைப்புக்காகத் துணியின் பின்னால் வைக்கும் கேன்வாஸ் இல்லாமலே பை நிமிர்ந்து நிற்கும். மஞ்சள் சாயம் சும்மா விடாது, ஒரு வாளித் தண்ணீரில் ராத்திரி முழுக்கக் கிடக்க வேண்டும். அத்தையின் மாத்திரைப் பையைத் திறந்தால் உள்ளே "இல்லத் திருமண விழா" என்று சிவப்பு எழுத்து தெரியும். யார் வீட்டுக் கல்யாணம் என்று அவருக்கும் ஞாபகமில்லை. 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்த பிறகு, துணிப் பை மாதிரியே இருக்கும் நெய்யாத பைகளும் நிறையப் புழங்குகின்றன. தொட்டால் காகிதம் போல இருக்கும், இழை உருவ வராது. அது பிளாஸ்டிக்தான். இஸ்திரிப் பெட்டி பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். அதை ஒதுக்கிவிடுங்கள்.

ஒதுக்க வேண்டியவை இன்னும் இருக்கின்றன. பனியன் துணி ஒன்று. திருப்பூர்க் கட்டிங் துண்டு மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது என்று ஆசைப்பட்டு வாங்குபவர்கள் உண்டு. பின்னிய துணி எல்லாப் பக்கமும் நீளும், ஜிப்போடு அது ஒத்துப்போகாது. மிதியடி பின்னுவதற்கு அருமையான சரக்கு, ஜிப் பைக்கு வேண்டாம். வழவழப்பான சாட்டின் உள்துணியும் வேண்டாம். கையிலிருந்து வழுக்கும், ஓரத்தில் இழை பிரிந்துகொண்டே இருக்கும்.

பட்டுப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாட்டியின் பட்டுச்சேலையில் பை தைத்துத் தரச் சொல்லி வருபவர்கள் அதிகம். பல வருடம் ஒரே மடிப்பில் பீரோவில் இருந்த சேலை மடிப்புக் கோட்டிலேயே விட்டுப்போயிருக்கும். இரண்டு கையாலும் பிடித்து லேசாக இழுத்தாலே தெரிந்துவிடும். கிழியாமல் தாங்குகிற பகுதி இருந்தால், அதன் பின்பக்கம் ஒட்டும் கேன்வாஸ் வைத்து, மேலே ஒரு மெல்லிய துணி போட்டு, இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காமல் வைத்து வைத்து எடுத்து ஒட்டினால் பை தைக்கலாம். தாங்காத பகுதியைத் தைத்துத் தருவதில்லை. "பரவாயில்ல, ஞாபகத்துக்குத்தானே" என்பார்கள். ஞாபகத்துக்கு என்றால் சேலையாகவே மடித்து வைத்திருக்கலாம். ஜிப் வைத்த பை என்றால் யாராவது திறந்து மூடத்தான் செய்வார்கள், கிழியத்தான் செய்யும்.

ஒட்டும் கேன்வாஸை மீட்டர் கணக்கில் வாங்க வேண்டியதில்லை. சட்டை தைக்கும் டெய்லரிடம் காலர், கஃப் வெட்டிய மிச்சம் கிடக்கும், கேட்டால் தருவார். மெல்லிய ஜாக்கெட் துணிக்கு மட்டும் அது வேண்டும். ஜீன்ஸ், காடா, ஜமுக்காளத் துண்டு இவற்றுக்கு வேண்டாம்.

சரி, ஜிப்புக்கு வருவோம். மீனாட்சியம்மன் கோயில் எதிரே புதுமண்டபத்தில் கல்தூண்களுக்கு நடுவே டெய்லர்கள் வரிசையாக மெஷின் போட்டு உட்கார்ந்திருந்த காலத்தில், நூலும் ஜிப்பும் வாங்க அங்கேதான் போவோம். அந்தக் கடைகள் பிறகு குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. எந்த ஊரிலும் தையல் சாமான் கடையில் ரோல் ஜிப் கிடைக்கும். மீட்டர் கணக்கில் நைலான் ஜிப்பை வெட்டித் தருவார்கள், திறந்து மூட இழுக்கும் ரன்னர் தனி. அளவு தைத்த ரெடிமேட் ஜிப்பைவிட இது மலிவு. வேண்டிய நீளத்துக்கு வெட்டிக்கொள்ளலாம் என்பது அதைவிடப் பெரிய லாபம். சின்னப் பைக்கு 3ஆம் நம்பர், ஜீன்ஸ் பைக்கு 5ஆம் நம்பர். நம்பர் ஏற ஏறப் பல்லும் அகலமாகும். ரன்னரும் அதே நம்பரில் இருக்க வேண்டும், 5ஆம் நம்பர் ரன்னர் 3ஆம் நம்பர் ஜிப்பில் ஓடும், ஆனால் பல்லைக் கடிக்காது. ரன்னரின் முதுகில் நம்பர் அச்சாகியிருப்பதுண்டு, திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.

ரோல் ஜிப்பில் ரன்னர் கோர்ப்பதற்குத்தான் பலரும் பயப்படுகிறார்கள். வேண்டிய நீளத்தைவிட 2 இன்ச் கூடுதலாக வெட்டிக்கொண்டு, ஒரு முனையில் பல்லைக் கொஞ்சம் பிரித்து, ரன்னரின் இரட்டை வாய்ப் பக்கம் இரண்டு நாடாவையும் ஒரே அளவு நுழைக்க வேண்டும். ரன்னரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு இரண்டையும் சேர்த்து இழுத்தால் மறுபக்கம் பூட்டிக்கொண்டு வரும். ஒரு பக்கம் ஒரு பல் முந்தியிருந்தாலும் ஜிப் புடைத்து நிற்கும், உருவிவிட்டு மறுபடி கோர்க்கத்தான் வேண்டும். கோர்த்ததும் ரன்னரை நடுவுக்குக் கொண்டுவந்து, கூடுதல் நீளத்தை நறுக்கிவிட்டு, இரண்டு முனையிலும் ஊசி நூலால் இரண்டு தையல் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் தைக்கும்போது ரன்னர் கழன்று கையில் வந்துவிடும். முனையை மெழுகுவத்திச் சுடரின் ஓரத்தில் ஒரு நொடி காட்டினால் நாடா பிரியாது. கறுகும் வரை காட்டக் கூடாது.

அளவுக்கு ஒரு மாத்திரைப் பையை எடுத்துக்கொள்வோம். டெய்லர் கணக்கில் ஒரு இன்ச்சுக்கு 8 நூல். வெளித்துணி 9க்கு 7 இன்ச்சில் இரண்டு, உள்துணி அதே அளவில் இரண்டு. ஜிப் ஏழரை இன்ச். ஜிப்பின் இரண்டு முனைக்கும் மாட்ட, ஜிப் நாடாவின் அகலத்தில் 3 இன்ச் நீளமுள்ள சின்னத் துண்டு இரண்டு.

9 இன்ச் துணிக்கு ஏழரை இன்ச் ஜிப் எதற்கு என்று கேட்கலாம். கடையில் வாங்கிய பையையும் வீட்டில் தைத்த பையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் ஜிப்பின் இரண்டு முனையில்தான் இருக்கும். ஜிப்பைத் துணியின் முழு நீளத்துக்கும் வைத்தால் பக்கத் தையலில் ஜிப்பின் பல் போய் மாட்டிக்கொள்ளும். அந்த இடம் தடித்து, மேல் மூலை உள்ளே இழுத்து, குழியாகிவிடும். பல்லின் மேல் தைக்கும்போது ஊசியும் விலகும், உலோகப் பூட்டு உள்ள ஜிப்பாக இருந்தால் ஊசி உடையும். அதனால் ஜிப்பைக் குட்டையாக வெட்டி, முனைக்குத் துணி மாட்டிவிட வேண்டும். 3 இன்ச் துண்டின் இரு முனையையும் அரை இன்ச் உள்பக்கம் மடியுங்கள். பிறகு அதைப் பாதியாக மடித்தால் ஒரு இன்ச் நீளத்தில் வாய் திறந்த ஒரு பட்டை வரும். அந்த வாய்க்குள் ஜிப் முனையை 2 நூல் அளவு நுழைத்து, மேலே ஒரு தையல். இரண்டு பக்கமும் முக்கால் முக்கால் இன்ச் சேர்ந்து, மொத்தம் சரியாக 9 இன்ச். பக்கத் தையல் 4 நூலில் ஓடும்போது ஊசி துணிப் பட்டையில்தான் இறங்கும், ஜிப் அதற்கு 2 நூல் தள்ளி உள்ளே பத்திரமாக இருக்கும்.

வெளித்துணிக்கு 9க்கு 7 அளவில் முழுத் துண்டு கிடைக்காதபோது ஒட்டுப் போட்டுக்கொள்ளலாம். ஒரு பழைய துணியை 10க்கு 8 அளவில் அடித்துணியாக வைத்து, அதன் மேல் பட்டை பட்டையாக, ஒன்றின் நல்ல பக்கத்தில் அடுத்ததைக் கவிழ்த்து வைத்துத் தைத்து, திருப்பி, இஸ்திரி போட்டு, அடுத்தது. அடித்துணி நேர் இழையில் இருந்தால் மேலே கிராஸ் பட்டைகளும் அடங்கிக் கிடக்கும். அக்குள் பிறைத் துண்டையெல்லாம் இப்படித்தான் தீர்க்கிறேன். எல்லாம் முடிந்தபின் 9க்கு 7க்கு வெட்டிக்கொள்ளலாம். ஒன்று மட்டும், ஒவ்வொரு பட்டைக்கும் இஸ்திரி போடச் சோம்பல்பட்டு கடைசியில் மொத்தமாகப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தால், மடிப்புகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொண்டு வெளித்துணி சதுரமாகவே வராது.

இனி மெஷின். வெளித்துணியின் நல்ல பக்கம் மேலே பார்க்க வையுங்கள். மேல் ஓரத்தில் ஜிப்பை முகம் கீழே பார்க்கக் கவிழ்த்து வையுங்கள். அதன் மேல் உள்துணி, அதுவும் நல்ல பக்கம் கீழே. மூன்றின் ஓரமும் சேர்ந்திருக்க வேண்டும். குண்டூசி குத்தினால் ஜிப் நாடா நகர்ந்துவிடுகிறது என்பதால் நான் கையால் தற்காலிகமாக ஓட்டுத் தையல் போட்டுவிடுவேன். ஐந்து நிமிட வேலை, அப்புறம் கோணிய மெஷின் தையலைப் பிரிக்க வேண்டி வராது. போட்டதும் துணிகளை விரித்துப் பார்த்துவிட்டு மெஷினுக்குப் போகலாம். விரிக்கும்போது ஜிப்பின் முகம் வெளித்துணிப் பக்கம் தெரிந்தால் சரி.

ஜிப்பைத் தைக்க, மெஷினில் துணியை அழுத்திப் பிடிக்கும் ஃபுட்டில் ஒற்றைக் கால் உள்ளதைப் போட்டுக்கொண்டால் நல்லது. சாதாரண ஃபுட்டின் ஒரு கால் பல்லின் மேல் ஏறிக்கொண்டு தையல் கோணும். தையல் ஓரத்திலிருந்து 2 நூல். ரன்னரைக் கொஞ்சம் கீழே தள்ளிவைத்துத் தொடங்கி, ரன்னர் இருக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் ஊசியைத் துணிக்குள் இறக்கி நிறுத்தி, ஃபுட்டைத் தூக்கி, ரன்னரைப் பின்னால் தள்ளிவிட்டு, ஃபுட்டை இறக்கித் தொடர வேண்டும். ஊசி மேலே இருக்கும்போது ஃபுட்டைத் தூக்கினால் துணி விலகிவிடும். ரன்னரைச் சுற்றி வளைத்துத் தைத்துவிடலாம் என்று பார்ப்பவர்கள் உண்டு. அந்த வளைவு பையின் ஆயுள் முழுக்க முகத்தில் தெரியும்.

தைத்ததும் இரண்டு துணியையும் ஜிப்பிலிருந்து விலக்கி மடித்து இஸ்திரி. இங்கே இஸ்திரிப் பெட்டி மிதமான சூட்டில், துணியின் மேல் மட்டும். நைலான் பல்லில் பட்டால் பல் இளகிவிடும். பிறகு மடிப்பிலிருந்து 1 நூல் தள்ளி மேல் தையல். இந்த மேல் தையல் அழகுக்கு என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் உள்துணி ஒவ்வொரு முறையும் ரன்னருக்குள் மாட்டும். கடிபட்ட உள்துணியைப் பிய்த்து எடுக்கும்போது பையும் போகும், பொறுமையும் போகும். மறுபக்கத்துக்கும் இதே வரிசைதான். இரண்டாவது வெளித்துணியை வைக்கும்போது முதல் துணியின் ஓரமும் இதன் ஓரமும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2 நூல் முன்பின் ஆனாலே பை சாய்ந்துவிடும்.

இப்போது ஜிப்பைப் பாதி திறந்து வைக்க வேண்டும். தையல் கடை அக்கா எனக்குச் சொன்னதில் மறக்காத வாக்கியம் இதுதான்: "ஜிப்பத் தொறந்து வச்சியா? தொறக்காம தச்சேன்னா பைக்குள்ள போய் நீதான் தொறக்கணும்." வெளித்துணி இரண்டும் ஒரு பக்கம், உள்துணி இரண்டும் ஒரு பக்கம், நல்ல பக்கங்கள் ஒன்றை ஒன்று பார்க்க வைத்து, சுற்றிலும் தையல். உள்துணியின் அடியில் மட்டும் 4 இன்ச் திறந்து விட வேண்டும். திறப்பின் இரண்டு முனையிலும் முன்னும் பின்னும் ஓட்டிக் கெட்டித் தையல், பையைத் திருப்பும்போது இழுபடுவது அங்கேதான். ஜிப் முனைத் துணியை மடிக்கும்போது ஜிப்பின் பல் உள்துணிப் பக்கம் பார்க்கும்படி மடியுங்கள். அந்த இடத்தில் பல அடுக்குத் துணி இருக்கும். மிதியை விட்டுவிட்டுக் கைச்சக்கரத்தைச் சுற்றியே நாலு தையல் போட்டால் ஊசி தப்பும். ஜீன்ஸ் என்றால் 16ஆம் நம்பர் ஊசி, மற்றதற்கு 14. ஜீன்ஸின் தடித்த இடத்தை முன்கூட்டியே சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினால் அடங்கும். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார், அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

வெளித்துணியை 4 நூலில் தைத்தால் உள்துணியை 5 நூலில் தையுங்கள். இந்த ஒரு நூல்தான் உள்துணி பைக்குள் சுருண்டு கிடக்காமல் அடங்கி உட்காரக் காரணம். உள்ளே போகிற துணி வெளியே இருப்பதைவிடக் கொஞ்சம் சின்னதாக இருக்க வேண்டும் அல்லவா? கனமான வெளித்துணி என்றால் இந்த வித்தியாசம் இன்னும் ஒரு நூல் கூடலாம்.

பை தானாக நிற்க வேண்டுமென்றால் அடி மூலை நான்கையும் பிடித்து, பக்கத் தையலும் அடித் தையலும் ஒன்றன் மேல் ஒன்று வரும்படி முக்கோணமாக்கி, நுனியிலிருந்து ஒரு இன்ச் கீழே குறுக்கே தைக்க வேண்டும். 2 இன்ச் அகல அடிப்பாகம் வரும், உயரத்தில் ஒரு இன்ச் குறையும். மாத்திரை அட்டைக்கு அடி வேண்டாம், தட்டையாகவே இருக்கட்டும். மருந்து பாட்டிலும் மூக்குக் கண்ணாடியும் போட வேண்டுமென்றால் அடி வையுங்கள்.

அடி வைக்காத பைக்கு மூலையைச் சாய்வாக, தையலுக்கு ஒரு நூல் விட்டு நறுக்கிவிட்டு, உள்துணித் திறப்பு வழியாக எல்லாவற்றையும் தலையணை உறை திருப்புவது போல வெளியே இழுத்து, ஜிப்பையும் தாண்டித் திருப்புங்கள். மூலையைத் தள்ளப் பென்சிலின் மொட்டைப் பக்கம் போதும். கத்தரி முனையை விட்டால் தைத்ததெல்லாம் ஓட்டையாகும். திறப்பை மடித்து ஓரமாக மெஷினில் ஒரு தையல் போட்டால் முடிந்தது. கைத்தையலில் தெரியாமல் மூடலாம், கண் உள்ளவர்கள் செய்யலாம்.

பிரஷ், பேஸ்ட் வைக்கும் பைக்கு மட்டும் உள்துணியாகப் பழைய குடைத் துணி வைக்கிறேன். கம்பி உடைந்த குடையின் துணி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஈரம் வெளித்துணிக்கு உடனே வராது. தையல் துளை வழியாகக் கசியும் என்பதால் தண்ணீர் தேங்குகிற எதையும் வைக்கக் கூடாது. இதில் குண்டூசி குத்தினால் துளை அப்படியே நிற்கும், துணி கவ்விகளால்தான் பிடிக்க வேண்டும். இஸ்திரி கிடையாது, விரலால் அழுத்தி மடிக்க வேண்டியதுதான்.

நவராத்திரி நெருங்கும்போது கொலுத் தாம்பூலத்தோடு கொடுக்க ஜிப் பை கேட்பார்கள். எல்லாம் ஒரே மாதிரி வேண்டும் என்பார்கள். வெட்டுத் துண்டில் அது நடக்காது. வெளித்துணி ஒவ்வொன்றும் வேறாக, உள்துணியும் ஜிப்பும் மட்டும் ஒரே நிறத்தில் என்று நான் சொல்லும்போது பாதிப் பேர் ஒத்துக்கொள்வார்கள். விலை சொன்னதும் வருகிற பேச்சு வேறு: "துண்டுத் துணிதானே, அதுக்கா இவ்வளவு?" துணிக்கு நான் காசு வாங்குவதே இல்லை. நனைத்து, காயவைத்து, இழை பார்த்து, இஸ்திரி போட்டு, ஒட்டுப் போட்டு எடுக்கும் நேரத்துக்கு வாங்குகிறேன். புதுத் துணியில் தைத்தால் பாதி நேரத்தில் முடியும், விலையும் குறையும், அப்படி வேண்டுமா என்று கேட்பேன். சிலர் ஆமாம் என்று அதையே வாங்கிக்கொள்வார்கள். அதிலும் எனக்கு வருத்தமில்லை, கை ஓய்கிறது.

கொடுத்த பைகளில் ரிப்பேருக்குத் திரும்பி வருவதெல்லாம் ஜிப் தளர்ந்துதான் வரும். ரன்னர் கடந்து போன பிறகும் பல் பூட்டாமல் வாயைப் பிளந்திருக்கும். ஜிப்பை மாற்ற வேண்டியதில்லை. ரன்னரை ஒரு முனைக்குக் கொண்டுவந்து, சின்னக் குறட்டால் அதன் பின்பக்கத்து இரண்டு ஓரத்தையும், ஒரு பக்கத்துக்கு ஒரு அழுத்து என்று, மெதுவாக அழுத்தி, இழுத்துப் பார்த்து, தேவைப்பட்டால் இன்னும் ஒரு அழுத்து. பலமாக அழுத்தினால் ரன்னர் இறுகி நகராது, திரும்ப அகட்ட முயன்றால் உடையும். ஓட மட்டும் சிரமப்படுகிறது, பூட்டிக்கொள்கிறது என்றால் குறடு வேண்டாம், பல்லின் மேல் மெழுகுவத்தியை இரண்டு முறை தேய்த்து, நாலைந்து தரம் திறந்து மூடிவிட்டுக் கொடுங்கள்.